மண்ணில் நின்ற அலவாங்கு

"அலவாங்கு மண்ணுல நட்டமா நின்னுச்சே, நீயும் பாத்ததானே புள்ள?"

கல்மழை விட்ட அன்று பின்னேரம், பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பாக்கியலெட்சுமியிடம் மேல் லயத்து அழகர் மாமா இப்படிக் கேட்டார். சும்மா கேட்கவில்லை. குடத்தோடு நின்ற ஏழெட்டுப் பெண்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்திக் கேட்டார். எல்லாத் தலையும் பாக்கியத்தின் பக்கம் திரும்பியது. எப்போதும் செய்வதைத்தான் அப்போதும் செய்தாள். தலையை ஆட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. பத்தாம் வகுப்பில் ஒரு கணக்குக்கு விடை தெரியாமல் கரும்பலகைக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்றபோது, "நாளையிலையிருந்து வராமல் நிக்கிற யோசனையோ?" என்று டீச்சர் எரிச்சலில் கேட்டார். அதற்கும் தலையாட்டினாள். ஆட்டிய தலைக்கு மரியாதை கொடுத்து மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவே இல்லை. அதில் அவள் ஒருத்திக்குத்தான் நட்டம். பீலிக்கரையில் ஆட்டிய தலையோ இரண்டு லயத்தையும் சேர்த்து ஆட்டிவைத்துவிட்டது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, சித்திரை வருஷப்பிறப்பு கழிந்து வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. தேயிலைத் தோட்டத்தில் வேலை இல்லாத நாள் என்பதால் எல்லோரும் லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம் அப்புத்தளைப் பக்கத்து மலையுச்சி கறுத்தது. முதலில் யாரோ கைப்பிடி கைப்பிடியாகச் சரளைக்கல்லை அள்ளித் தகரத்தில் போடுவது போலிருந்தது. பிறகு பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழவில்லை.

கல்மழை விழுந்தால் வீட்டில் இருக்கிற இரும்புச் சாமான் எதையாவது வாசலில் எறிய வேண்டும். இரும்பு மண்ணைத் தொட்டால் கல் நின்றுவிடும். அந்த லயங்களில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. குடை பிடிப்பது போல, எல்லோரும் செய்கிற காரியம். அன்றைக்கும் ஒவ்வொரு காம்பரா வாசலிலிருந்தும் கவ்வாத்துக் கத்தி, தோசைக்கல், சுரண்டி என்று பறந்தன. பாக்கியத்தின் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெரியாயி அக்கா கைக்குக் கிடைத்த அகப்பையை எறிந்துவிட்டு, அது அலுமினியம் என்று ஞாபகம் வந்து, தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஓடிப்போய் அரிவாளை எடுத்து வந்தாள். எதற்கும் கல் மசியவில்லை. கடைசியில் மேல் லயத்தில் அழகர் தன் அலவாங்கைத் தூக்கி எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கல் நின்றது.

அழகருக்குக் கான் வெட்டுகிற வேலை. தண்ணீர் ஓட மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டும்போது கல்லை நெம்புவதற்கென்று அவர் வைத்திருந்த நாலரை அடி இரும்புக் கம்பிதான் அந்த அலவாங்கு. அவரிடம் உருப்படியாக இருந்த ஒரே பொருளும் அதுதான். மனைவி வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் ஐந்து வருஷம். கடிதம் வந்து மூன்று வருஷம். அவள் புறப்பட்ட வருஷத்தில் வாசலில் சமையலுக்குப் புதுக் குசினி கட்டுகிறேன் என்று ஆரம்பித்து, இடுப்பளவு சுவரோடு விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு 'அரைச்செவரு' என்று பெயர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடும்போது யாராவது ஒருவர் பின்னாலிருந்து மெதுவாக அந்தப் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அப்படிப்பட்ட மனிதர் எறிந்த இரும்புக்குத்தான் கல் நின்றது. மழை விட்டு வெளியே வந்து பார்த்தவர், அலவாங்கு தன் வாசல் ஓரத்து ஈரமண்ணில் ஒரு முழம் இறங்கி நட்டமாக நிற்பதைக் கண்டார். கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

பாக்கியத்துக்கு மட்டும்தான் நடந்தது தெரியும். தெரிந்ததால்தான் இந்த வயிற்றெரிச்சல்.

அந்தத் தோட்டத்தில் லயங்கள் சரிவில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருந்தன. மேல் லயத்து வாசலின் விளிம்பும் கீழ் லயத்துக் கூரையும் ஒரே மட்டம். மேல் லயத்தில் நின்று துப்பினால் கீழ் லயத்துத் தகரத்தில் விழும். அதற்காகவே மாதம் ஒரு சண்டை வரும். பாக்கியத்தின் வீடு கீழ் லயத்தில், அழகர் வாசலுக்கு நேர் கீழே. அந்தக் கூரையில்தான் இரண்டு லயத்துக்கும் சேர்த்து இருந்த ஒரே சோலர் தட்டு.

கல் கொட்டிக்கொண்டிருந்தபோது அவள் தையல் மெசினை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று கல் விழுகிற சத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சத்தம் கூரையில் கேட்டது. கல் நின்றதும் முதலில் வெளியே ஓடியவள் அவள்தான். பின்பக்கத்து மண்மேட்டில் ஏறிப் பார்த்தாள். சோலர் தட்டின் கண்ணாடி முழுவதும் சிலந்திவலை போல வெளுத்துக் கிடந்தது. அதன் நடுவில் குறுக்காக, நிம்மதியாக, அலவாங்கு படுத்திருந்தது.

இன்னொருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். பாக்கியத்துக்கு முதலில் தோன்றியது, இதை எப்படி அழகர் மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பது, கொடுக்கும்போது என்ன சொல்வது என்பதுதான். 'எங்க கூரையில கெடந்துச்சு' என்ற மூன்று சொற்களை அவள் மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். வாய்க்கு வரவில்லை. அலவாங்கை இழுத்து எடுத்து, ஐஸ்கட்டி போலிருந்த அதைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினாள். யாரும் இன்னும் வெளியே வரவில்லை. சுவரில் சாய்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்த நேரம் உள்ளே தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. பயத்தில் கையிலிருந்ததை இருந்த இடத்திலேயே ஓங்கிக் குத்திவிட்டு ஓடி வந்துவிட்டாள். மழையில் ஊறிய மண். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"கல்லு அடிச்சிருச்சு" என்றார். "அவ்வளவு பெரிய கண்ணாடிய வானத்தப் பாத்து விரிச்சி வச்சா அடிக்காதா? போச்சு."

அம்மா வள்ளியம்மை, "போகட்டும், கம்பனிக்காரன் புதுசு குடுப்பான்" என்றாள். "வாங்கும்போதே சொன்னான்தானே. இடி, காத்து, கல்லு மழ, எதுல போனாலும் மூணு வருசத்துக்கு அவனே மாத்தித் தருவான். ஆளுங்க கையால ஒடஞ்சாத்தான் தர மாட்டான்."

பாக்கியம் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அந்தத் தட்டு போனால் போகிறது என்று விடக்கூடிய சாமான் இல்லை. கரண்ட் தோட்டத்து ஃபெக்டரியோடும் துரை பங்களாவோடும் நின்றுவிட்ட இடத்தில், அப்பா பதுளையிலிருந்து வந்த ஒரு கம்பனியிடம் தவணைக்கு வாங்கியது. மூன்று பல்பு எரியும். அதில் ஒன்று தையல் மெசினுக்கு மேலே. பகலில் தண்ணீர், விறகு, சமையல், தம்பிமார் உடுப்பு என்று பாக்கியத்துக்கு நேரம் கிடைக்காது. பொழுது சாய்ந்தபிறகு அந்த பல்புக்குக் கீழே உட்கார்ந்துதான் லயத்துப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளையும் பெண்களின் ஜாக்கெட்டுகளையும் தைத்தாள். ஆனி மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. பதினெட்டு முடிந்தால் தோட்டத்தில் பெயர் பதிந்து கொழுந்தெடுக்கப் போக வேண்டும். 'தையல் வருமானம் வர்ற வரைக்கும் அவ வீட்டுலயே இருக்கட்டும்' என்று அப்பா சொல்லியிருந்தார்.

பாக்கியத்துக்குக் கொழுந்தெடுக்கிற வேலை பயமில்லை. பெரட்டுதான் பயம். விடிந்தும் விடியாத நேரத்தில் நூறு பேருக்கு நடுவில் பெயர் கூப்பிடும்போது, கேட்கிற மாதிரிச் சத்தமாக 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்குப் பெயர் விழாது. அழகர் மாமாவின் பெயருக்குப் பின்னால் வருகிற அந்த மெல்லிய சிரிப்பை அவள் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறாள். தன் பெயருக்குப் பின்னால் என்ன சேர்ப்பார்கள் என்பதையும் யோசித்து வைத்திருந்தாள். 'ஊமச்சி'.

மூன்றாம் நாள் பெட்டரி இறங்கி பல்பு அணைந்தது. "இந்த மாசத்துக்குள்ள தட்டு வரல்லன்னா பேரப் பதிஞ்சிருவோம் புள்ள, என்னா?" என்று அப்பா கேட்டார். தலையாட்டக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டு நின்றாள். தலை தானாக ஆடியது.

இதற்கிடையில் அழகர் அலவாங்கைப் பிடுங்கவே இல்லை. நின்ற இடத்திலேயே மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, உச்சியில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் குத்திவிட்டார். வேலைக்கு வேறு ஆளின் அலவாங்கை இரவல் வாங்கிக்கொண்டு போனார். போகிற இடமெல்லாம் அதே கதை. சந்திக்கடையில் சொன்னார். கோயில் வாசலில் சொன்னார். தெமோதரையில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஒவ்வொரு தரமும் கதை கொஞ்சம் நீண்டது; ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் முடிந்தது.

"மேல் டிவிசனப் பாருங்க. அர மணித்தியாலம் அடிச்சிருக்கு. கொழுந்தெல்லாம் ஈர்க்குச்சி. மரக்கறிப் பாத்தியில கோவா பூரா மாடு மேஞ்ச மாதிரி. லொறிக் கண்ணாடி, பங்களாக் கண்ணாடி, நாப்பது காம்பராத் தகரம். நம்ம லயத்துல? மூணே நிமிசம். ஒரு தகரம் போச்சா? ஒரு ஓட்ட விழுந்திச்சா? எப்பிடின்னு கேளுங்க. அந்தப் புள்ள பாக்கியம் கண்ணால பாத்த சாட்சி."

அதுதான் வினையாகப் போனது. தோட்டத்தின் உச்சிப் பகுதியான மேல் டிவிசனுக்குப் புதுத் தகரம் கொடுக்கத் தோட்டத்து ஒஃபிசில் பட்டியல் எடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்ட நிமிஷத்திலிருந்து இந்த இரண்டு லயமும் இருந்த கீழ் டிவிசனிலும் எல்லோர் கூரையும் ஒழுக ஆரம்பித்தது. பத்து வருஷத்துத் துருவோட்டைகள் எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விழுந்தன என்று சத்தியம் செய்தார்கள். பெரியாயி அக்கா இருந்த ஓட்டை போதாதென்று குடைக்கம்பியால் இன்னும் மூன்று போட்டாள். அப்பாவும் சோலர் தட்டு கல்மழையில் உடைந்ததென்று தோட்டத்துக் கடிதம் ஒன்று வேண்டுமென்று அவர்களோடு போனார்.

ஒஃபிஸ் கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கீழ் டிவிசனிலை ஒரு தகரமும் போகேல்லை எண்டு உங்கடை ஆள்தானே பெரட்டிலை நிண்டு சொன்னவர்? துரையும் கேட்டுக்கொண்டுதான் நிண்டவர். இப்ப நான் எப்பிடி ஐயா இதை எழுதிறது?"

திரும்பி வந்தவர்கள் நேராக அழகர் வாசலுக்குத்தான் போனார்கள்.

"யோவ் அரைச்செவரு, ஒன் வாயக் கொஞ்சம் கட்டி வச்சா என்னா?" என்றாள் பெரியாயி.

"நடந்தத சொன்னேன்."

"நடந்துச்சு. ஒன் இரும்புக்குப் பயந்து வானமே ஓடிருச்சு. ஓடின வானம் நாலு தகரம் குடுத்துட்டு ஓடியிருந்தா நாங்களும் கும்புட்டிருப்போம்."

"குடைக்கம்பிய விட்டு ஆட்டுனவளுக்குத் தெய்வம் தகரம் குடுக்காது."

"யாரு பாத்தா நான் ஆட்டுனத?"

"எனக்கு மேல இருந்து எல்லாம் தெரியும். ஒங்க கூரதானே எனக்கு வாசல்."

சண்டை இருட்டும்வரை நடந்தது. ஆனால் அழகர் அசைந்து கொடுக்கவில்லை. திட்டினாலும், வாழ்நாளில் முதல் தடவையாக எல்லோரும் அவரைத் தேடி வந்து திட்டினார்கள். அதில்கூட அவருக்கு ஒரு மிதப்பு இருந்ததை மேல் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பாக்கியம் கவனித்தாள். கவனிக்கக் கவனிக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

தோட்டத்துக் கடிதம் இல்லாததால், கம்பனி ஆளே வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பார் என்று தபால் வந்தது. அம்மா அதைக் கேட்டதும் சொன்னாள்: "அந்த ஆளுகிட்டயும் போய் இவரு கத சொல்லுவாரு. ஒரு தகரமும் போகலன்னா ஒங்க தட்டு மட்டும் எப்பிடிம்மா போச்சுன்னு கேப்பான். நீங்களாத்தான் ஒடச்சீங்கன்னு எழுதிட்டுப் போயிருவான். முடிஞ்சிச்சு."

புதன்கிழமை பின்னேரம் பாக்கியம் படியேறி மேல் லயத்துக்குப் போனாள். அழகர் அலவாங்குக்கு முன்னால் குந்தியிருந்து புதுக் குங்குமம் குழைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா."

"அட. நீ பேசுவியா புள்ள?"

"நாளைக்கி சோலர் கம்பனில இருந்து வாறாங்க."

"வரட்டும். நடந்தத நான் சொல்றேன்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். ஒரு தகரமும் போகலன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்களுக்கு அந்தத் தட்டு வேணும்."

"அது ஒங்கப்பன் வாங்கின சாமான் அந்த லெச்சணம். மொதக் கல்லுலயே போயிருக்கும். நான் மட்டும் போடாட்டி ஒங்க காம்பராவே போயிருக்கும், தெரிஞ்சிக்க. ஒனக்குத் தெரியாததா? நீதானே சாட்சி."

சாட்சி என்ற சொல்லைக் கடந்த இரண்டு வாரமும் அவள் பீலிக்கரையில் கேட்டாள், கடையில் கேட்டாள், கோயிலில் முன்பின் தெரியாத கிழவி ஒருத்தி கன்னத்தைத் தடவிச் சொல்லக் கேட்டாள். உள்ளே எங்கேயோ ஒரு தாழ்ப்பாள் கழன்றது.

"நான் சாட்சி இல்ல மாமா. நான்தான் அத நட்டேன்."

அழகர் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. ஒங்க அலவாங்கு மண்ணத் தொடவே இல்ல. நீங்க வீசுன வேகத்துல வாசலத் தாண்டி எங்க கூரையில விழுந்திச்சு. எங்க தட்டுக்கு மேல. கல்லு ஒடைக்கல. நீங்கதான் ஒடச்சீங்க. நான் தூக்கிட்டு வந்து வைக்கிறதுக்குள்ள நீங்க கதவத் தொறந்தீங்க, பயத்துல இதுல குத்திட்டு ஓடிட்டேன். கல்லு தானா நின்னுச்சு. மண்ணத் தொடாத இரும்புக்கு எப்பிடி நிக்கும்?"

இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. அழகரின் விரல்களில் குங்குமம் சொட்டிக்கொண்டிருந்தது.

"பொய் சொல்ற" என்றார். குரல் உயரவில்லை.

"புடுங்கிப் பாருங்க. முனையில நீலமா ஒட்டியிருக்கும், தட்டுக்குள்ள இருந்த நீலம். மண்ணுக்குள்ளதான் இருக்கு, எங்கயும் போயிருக்காது."

அவர் அலவாங்கைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"யாருட்டயாவது சொன்னியா?"

இந்தத் தடவை அவள் தலையாட்டவில்லை. "இல்ல" என்று வாயால் சொன்னாள்.

"போ புள்ள" என்றார் அழகர்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்த கம்பனிக்காரர் ஒல்லியான இளைஞர். பெயர் பார்த்தீபன், யாழ்ப்பாணத்து ஆள், பதுளையில் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி வந்த மூன்று மைலில் சப்பாத்தெல்லாம் சேறு. வந்ததும் வராததுமாகக் காகிதத்தை எடுத்தார். "கல்லு எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார்.

அதற்குத்தான் லயமே காத்திருந்தது.

"நெல்லிக்கா அளவு சார்."

"என்னா நெல்லிக்கா, கோழிமுட்ட அளவு சார்."

"என் கண்ணால பாத்தேன், சின்னத் தேங்கா அளவு" என்றாள் பெரியாயி.

"தேங்காய் அளவிலை விழுந்திருந்தால் அக்கா இப்ப நிண்டு கதைச்சுக்கொண்டிருக்க மாட்டியள்" என்றார் பார்த்தீபன், எழுதாமல். "எவ்வளவு நேரம் பெய்தது?"

"ஒரு மணித்தியாலம்."

"இல்ல சார், ரெண்டு இருக்கும்."

அவர் பேனாவை மூடினார். அந்த மூடுகிற சத்தம் பாக்கியத்துக்கு நெஞ்சில் கேட்டது. உதவி செய்கிறேன் என்று ஆளுக்கொரு கையாகப் பிடித்து ஆளைக் கிணற்றில் தள்ளுகிறார்களே என்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

கூரையைப் பார்க்க வேண்டுமென்றார். மேல் லயத்து வாசலில் நின்றால் நன்றாகத் தெரியும் என்று அப்பா கூட்டிக்கொண்டு ஏறினார். பின்னால் இரண்டு லயமும் ஏறியது. பார்த்தீபன் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். உடைந்த தட்டு, அதைச் சுற்றித் துருப்பிடித்த தகரம். அப்படியே திரும்பியவர் பக்கத்தில் குங்குமமும் எலுமிச்சம்பழமுமாக நின்ற அலவாங்கைக் கண்டார்.

"ஓ. இதுதானோ அது?" என்றார். "சந்திக்கடையிலை தேத்தண்ணி குடிக்கேக்கை சொன்னவை. ஆரோ ஒருத்தர் இரும்பை எறிஞ்சு கல்மழையை நிப்பாட்டினவராம். ஒரு வீட்டுக்கும் ஒரு சேதமும் இல்லையாம். ஆர் அந்த ஆள்?"

எல்லோரும் அழகர் பக்கம் திரும்பினார்கள். அழகர் தன் அரைச்சுவரில் உட்கார்ந்திருந்தார், தோளில் துண்டு. மெதுவாக எழுந்து வந்தார்.

பார்த்தீபன் களைத்துப்போன குரலில் பேசினார். "இஞ்சை பாருங்கோ அண்ணை. இவை ஆளுக்கொரு கதை சொல்லினம். தோட்டத்துக் கடிதமும் இல்லை. உங்கடை வாயாலை சொல்லுங்கோ. நீங்கள் இரும்பைப் போட்ட உடனை கல்லு நிண்டது, ஒரு சேதமும் இல்லை எண்டால், நான் கல்மழையிலை உடைஞ்சது எண்டு எழுத ஏலாது. அப்பிடி இல்லையெண்டால் இதிலையே நிண்டு எழுதித் தந்திட்டுப் போறன். புதுத் தட்டு வரும்."

பாக்கியம் அழகரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் வாய் பார்த்துக் காத்து நிற்கும் இப்படி ஒரு கூட்டம், படித்த மனிதர் ஒருவர் 'அண்ணை' என்று கூப்பிட்டுக் கதை கேட்பது, இதெல்லாம் அவருக்கு இனி ஒருநாளும் கிடைக்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. முந்தாநாளாக இருந்தால் கதை இந்நேரம் பாதி ஓடியிருக்கும்.

அழகர் குனிந்தார். எலுமிச்சம்பழத்தைக் கழற்றி மண்ணில் வைத்தார். அலவாங்கை இரண்டு கையாலும் பிடித்து ஒரு பக்கம் அசைத்து, மறுபக்கம் அசைத்து, இழுத்தார். இரண்டு வாரத்தில் மண் இறுகியிருந்தது. மூன்றாவது இழுப்பில் வந்தது. முனையில் அப்பியிருந்த மண்ணைப் பெருவிரலால் தள்ளினார். உள்ளே ஒரு பொட்டு நீலம், வெயில் பட்டு மினுங்கியது.

அதை அவரும் பாக்கியமும் மட்டும்தான் பார்த்தார்கள்.

தோளிலிருந்த துண்டை எடுத்து, துடைக்கிறவர் மாதிரி முனையில் சுற்றினார். இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சும் போட்டார்.

"அண்ணை, உங்களிட்டைத்தான் கேக்கிறன்" என்றார் பார்த்தீபன். "கல்லு தானா நிண்டதோ, நீங்கள் நிப்பாட்டினியளோ?"

"யோவ், வாயில என்னா கொழுக்கட்டையா?" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நாலு பேர் சிரித்தார்கள்.

பார்த்தீபன் சிரித்தவர்களைப் பார்த்தார், அழகரைப் பார்த்தார். பிறகு காகிதத்தை முன்கையில் வைத்துக்கொண்டு பேனாவின் மூடியைக் கழற்றி, 'கல்மழை' என்று எழுதினார்.

அழகர் அலவாங்கைத் தோளில் வைத்தார். குங்குமம் சட்டையில் ஒட்டியது. கூட்டத்துக்கு நடுவில் பாக்கியம் நின்ற இடத்தில் வழி விட்டார்கள். அந்த வழியாக, அவளை உரசாமல் ஒதுங்கி, தன் அரைச்சுவரைத் தாண்டி, கான் வெட்டுக்குப் போகிற பாதையில் இறங்கிப் போனார்.